சுத்தியலோடு போன சிஸ்டர்

2012 ஜூலை 28, விடிவதற்கு முன். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஓக் ரிட்ஜ். இருட்டில் ஒரு குன்றின் மீது மூன்று பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் கன்னியாஸ்திரி மேகன் ரைஸ், வயது 82. கூட வந்தவர்கள் மைக்கேல் வாலி, கிரெக் போர்ச்சி-ஓபெட். கம்பி வெட்டும் கத்தரி, சுத்தியல், பைபிள், மெழுகுவத்தி, ரொட்டி, புட்டிகளில் மனித ரத்தம். இவையெல்லாம் அவர்கள் கொண்டுபோனவற்றில் சில.

குன்றுக்கு அப்பால் ஒய்-12 வளாகம். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய இடம். அணுகுண்டுக்கான யுரேனியத்தை அமெரிக்கா இன்றும் பூட்டி வைத்திருப்பது அங்கேதான். மூவரும் வேலிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு கிடங்குச் சுவர் வரைக்கும் போய்விட்டார்கள். சுவரில் ரத்தத்தை ஊற்றி, விவிலிய வாசகங்களை பெயிண்டால் எழுதி, சுத்தியலால் தட்டிச் சில சில்லுகளைப் பெயர்த்தார்கள். சத்தம் கேட்ட காவலர் ஒருவர், பராமரிப்பு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்! ஒரு கேமரா பல மாதங்களாகப் பழுதாகிக் கிடந்தது பிறகுதான் தெரியவந்தது.

வாள்களை ஏர்க்கொழுவாக அடிக்கும் காலம் வரும் என்கிறார் எசாயா இறைவாக்கினர். கோயிலில் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வசனம்தான் பலருக்கும். சிஸ்டர் அதைத் தனக்கு இட்ட வேலையாக எடுத்துக்கொண்டார். சுமார் நாற்பது ஆண்டுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆசிரியராக இருந்தவர் அவர். நாகசாகி அழிந்தபின் அங்கே போன அமெரிக்க வீரர்களில் அவருடைய மாமாவும் ஒருவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் ஓடவில்லை என்பது. பாடிக்கொண்டு நின்றார்கள், வந்த காவலருக்கு ரொட்டி நீட்டினார்கள். நாசவேலைக்காரன் முகத்தை மறைப்பான். இவர்களோ பிடிபடுவதையும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள்.

அரசு அப்படிப் பார்க்கவில்லை. 2013 மே மாதம் நாசவேலைக் குற்றம் உறுதியானது. ஆயுள் முழுதும் சிறையில் இருக்கச் சொன்னால் அதையே பெரிய பரிசாக ஏற்பேன் என்று நீதிபதியிடம் சொன்னார் சிஸ்டர். 2014 பிப்ரவரியில் அவருக்கு 35 மாதம், மற்ற இருவருக்கும் 62 மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாசவேலைக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்ய, மூவரும் வெளியே வந்தார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே, பாதுகாப்பு ஓட்டைகளை அம்பலப்படுத்தியதற்காக நாடாளுமன்ற விசாரணையில் ஓர் உறுப்பினர் சிஸ்டருக்கு நன்றியே சொன்னார்.

ஒரே ஒருவருக்குத்தான் யாரும் நன்றி சொல்லவில்லை என்று தோன்றுகிறது. முதலில் வந்த காவலர், இவர்கள் அமைதிப் போராளிகள் என்று அனுபவத்தால் கண்டுகொண்டு நிதானம் காத்தார். துப்பாக்கியை உருவியிருந்தால் கதையே வேறு. அவருக்கு வேலை போயிற்று. மனசாட்சிக்காகச் சிறைக்குப் போகிறவர் தன் தண்டனையைத் தானே தேடிக்கொள்கிறார். இந்த மனிதர் எதைத் தேடினார்? சிஸ்டர் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு நேர்படவும் இல்லை.

மேகன் ரைஸ் 2021 அக்டோபரில், 91 வயதில் காலமானார். சுத்தியலும் ரத்தமும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. 1980 செப்டம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு ஏவுகணை உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் எட்டுப் பேர் இதே போல நுழைந்தார்கள். அவர்களில் இருவர் பெரிகன் சகோதரர்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம்.