அப்பிரகம் பொறுக்குவோரும் சட்டத்தின் பாதுகாப்பும்

தமிழகத்துச் சிற்றூர்களில் 'காக்காய்ப் பொன்' என்று வழங்கப்படும் அப்பிரகம் மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தைத் தாங்கும், மெல்லிய ஏடுகளாகப் பிரியும். இப்பண்புகளால் மின்னியந்திரத் தொழிலுக்கு அது நெடுங்காலம் இன்றியமையாததாக விளங்கியது. இன்று முகப்பூச்சுப் பொருள்களுக்கும் மோட்டார் வாகன வண்ணப்பூச்சுகளுக்கும் பளபளப்பு ஊட்டுவதும் இக்கனிமத்தின் தூளே. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களும், அவற்றை அடுத்துள்ள பீகாரின் நவாதா, ஜமுயி மாவட்டங்களும், ஆந்திரத்தின் நெல்லூர்ப் பகுதியும், ராஜஸ்தானின் பில்வாராவும் இதன் முக்கியக் களங்களாகும்.

ஒரு காலத்தில் இத்தொழிலாளரின் நலனுக்கெனத் தனிச் சட்டமே இருந்தது. 1946ஆம் ஆண்டின் அப்பிரகச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம், ஏற்றுமதியாகும் அப்பிரகத்தின் மீது வரி விதித்து, அந்தத் தொகையை மருத்துவம், கல்வி, குடிநீர், வீட்டுவசதி ஆகியவற்றிற்குச் செலவிட வழிசெய்தது. கோடர்மாவை அடுத்த கர்மாவிலும், நெல்லூர் மாவட்டத்துக் காளிசேடுவிலும் இந்நிதியைக் கொண்டு மருத்துவமனைகள் நடத்தப்பட்டன. நிதியின் நிர்வாகத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. எனினும், தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு ஒப்புக்கொண்டிருந்தது; இன்றைய நிலையோடு ஒப்பிடுகையில் அது சிறிய செய்தியன்று.

இந்நிலை சரிந்ததற்குக் காரணங்கள் பல. மின்னணுத் தொழிலில் மாற்றுப் பொருள்கள் வந்து, ஏட்டு அப்பிரகத்தின் தேவை குறைந்தது. கோடர்மாப் பகுதியின் களங்களில் பெரும்பகுதி காப்புக்காடுகளில் இருந்தமையால், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் குத்தகைகளைப் புதுப்பிப்பது கடினமாயிற்று. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது பெரிய வாடிக்கையாளர் ஒருவரும் மறைந்தார். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆனால் சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்கள் அங்கேயே இருந்தன. மழையை நம்பிய சிறு நிலமும், கூலி வேலை கிடைக்காத நாள்களும், பழைய சுரங்கங்களின் அருகே மலைபோல் குவிந்த கழிவுகளுமே அவர்களுக்கு எஞ்சின.

அக்கழிவை அவ்வட்டாரத்தில் 'டிப்ரா' என்பர். முன்னர் ஏற்றுமதிக்கு ஆகாதென்று தள்ளப்பட்ட இத்துண்டுகளுக்குத் தூள் அப்பிரகத் தொழில் விலை ஏற்படுத்தியது. ஆண்களும் பெண்களும் சிறார்களும் குவியல்களைக் கிளறுகின்றனர்; பழைய பள்ளங்களின் அடியில் குடைந்தும் எடுக்கின்றனர். அங்கே தாங்குமரம் இல்லை, மேற்பார்வை இல்லை. மண் சரிந்தால் தப்புவது அரிது. பொறுக்கியது உள்ளூர்ச் சிறு வணிகர், பெரு வணிகர், பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதியாளர் எனப் பல கைகள் மாறுகிறது. குத்தகை இல்லாத காட்டில் எடுத்த சரக்கு, வழியில் ஏதோ ஓரிடத்தில் முறையான சரக்காகிவிடுகிறது. 2013–14இல் நாட்டின் அதிகாரபூர்வ உற்பத்தி சுமார் 19,000 டன். ஏற்றுமதியோ சுமார் 1,28,000 டன். இவ்விடைவெளியை வேறெவ்வாறு விளக்குவது?

சிக்கலின் மையம் இங்கேதான் உள்ளது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமோ, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ, ஒரு முதலாளியையும் ஒரு பணியிடத்தையும் முன்வைத்தே எழுதப்பட்டவை. டிப்ரா பொறுக்குபவருக்கு இரண்டுமே இல்லை. அன்றாடம் தாம் கொண்டுவருவதை எடைபோட்டு விற்பதால், ஏட்டில் அவர் தொழிலாளி அல்லர். காட்டிலிருந்து கனிமம் எடுப்பதால், குற்றம் சாட்டப்படக் கூடியவர். எனவே, பள்ளம் சரிந்து ஒருவர் இறந்தால், குடும்பத்தார் காவல் நிலையத்திற்குச் செல்லவே அஞ்சுகின்றனர். 2016இல் செய்தி நிறுவனம் ஒன்று நடத்திய விசாரணை, இரண்டே மாதங்களில் குறைந்தது ஏழு சிறார்கள் இவ்வாறு இறந்ததை வெளிப்படுத்தியது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு, கோடர்மா, கிரிடி மாவட்டங்களின் அப்பிரகப் பகுதிகளில் 6 முதல் 14 வயது வரையுள்ள 4,545 குழந்தைகள் பள்ளிக்குச் செல்லவில்லை எனக் கண்டது.

இதன்பின் வெளிநாட்டு நிறுவனங்கள் சில இயற்கை அப்பிரகத்தைக் கைவிட்டுச் செயற்கை அப்பிரகத்திற்கு மாறின. நோக்கம் நன்று, ஆயினும் வாங்குவோர் விலகினால் குழந்தை பள்ளிக்குச் சென்றுவிடாது, குடும்பத்தின் வருவாய்தான் குறையும். 2017இல் தொடங்கப்பட்ட பொறுப்பான அப்பிரக முன்முயற்சி என்னும் பன்னாட்டு அமைப்பு, களத்தில் இருந்துகொண்டே சீர்திருத்துவதை நாடுகிறது. அதுவும் அரசின் உரிமத்திற்கு மாற்றாகாது.

2015 பிப்ரவரியில் அப்பிரகம் உள்ளிட்ட 31 கனிமங்கள் சிறுகனிமங்களாக அறிவிக்கப்பட்டபின், சிறுகனிம விதிகளின்படி உரிமம் வழங்கும் அதிகாரம் 2025 வரை மாநிலங்களிடம் இருந்தது. பழைய குவியல்களை, குறிப்பாக வனத்திற்கு வெளியே உள்ளவற்றை, பொறுக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளிக்க இது வாய்ப்பளித்தது. ஏலமுறை மட்டுமே கையாளப்பட்டால், முன்பணம் கட்டவல்ல வணிகரே குவியலுக்கும் உரிமையாளராவார். பொறுக்குவோர் அதே தராசின் முன் நிற்பர். சங்கத்திற்கு உரிமம் கிடைத்தால் எடையும் விலையும் பதிவேட்டில் ஏறும். இறந்தவரின் பெயரும் மறைக்கப்படாது. அதே ஆண்டு ஏற்பட்ட மாவட்டக் கனிம நிதியங்கள் குத்தகைதாரரின் பங்களிப்பையே நம்பியிருக்கின்றன. குத்தகையே இல்லாத கிராமங்களுக்கு அந்நிதி எவ்வழியில் சென்று சேரும் என்பதையும் மாநில அரசுகள் விதிகளில் தெளிவாக்க வேண்டியுள்ளது.