புது பேட்டரி வாங்கும் முன் பாருங்கள்: பழைய படகில் மின்சாரம் எங்கே தொலைகிறது?

கிள்ளான் – சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டால் எண்ணெய் மீட்டரின் முள் தானாக இறங்குகிறது. ஹாரன் கரகரக்கிறது. பழைய மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கு இவை பழகிப்போன தொல்லைகள். உடனே பலரும் செய்வது புது பேட்டரி வாங்குவதுதான். சில வாரம் சரியாக இருக்கும். பிறகு அதே கதை. பல வேளைகளில் கோளாறு பேட்டரியில் இல்லை. பேட்டரிக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே ஓடும் வயர்களிலும் மூட்டுகளிலும்தான் இருக்கிறது.

கிள்ளான் நீரிணையில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம் இது. இன்று நோர்த்போர்ட், இண்டா தீவில் உள்ள வெஸ்ட்போர்ட் ஆகியவற்றுக்குப் பெரும் கொள்கலன் கப்பல்கள் வந்துபோகின்றன. கெத்தாம் தீவுப் பக்கமும் கேரித் தீவுப் பக்கமும் தூண்டில் போடச் செல்லும் சிறு படகுகளுக்கும் இதே கடல்தான்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு அனைத்துலக விதிகளின்படி, சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை படகில் விளக்கு எரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைவான படகில், இடப்பக்கச் சிவப்பு விளக்கும் வலப்பக்கப் பச்சை விளக்கும் 1 கடல் மைல் தூரத்திற்கும், வெள்ளை விளக்கு 2 கடல் மைல் தூரத்திற்கும் தெரிய வேண்டும். பழைய இழை பல்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் மட்டும் போய்ச் சேர்ந்தால், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். படகில் இருப்பவர் கண்ணுக்கு விளக்கு எரிவதாகத்தான் தெரியும். தூரத்தில் வரும் கப்பலுக்குத் தெரியாமல் போகலாம்.

மின்னழுத்தம் எப்படிக் குறைகிறது? ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் கொடுத்த பழைய தோட்டத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே மெல்லிய வயர் நீண்டுகொண்டே போனால், கடைசி வீட்டு விளக்குதான் மங்கும். படகில் தூரம் குறைவு. ஆனால் உப்புக் காற்று அதைவிட மோசமான வேலையைச் செய்கிறது. செம்பு வயரின் முனையில் பச்சைப் பாசம் பிடிக்கிறது. உறைக்குள்ளே கம்பி கறுத்துப் போகிறது. இதனால் ஒரு மூட்டில் 0.2 ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலையும். 12.6 வோல்ட் புறப்பட்டு, 10.6 மட்டும் வந்து சேரும்.

எதுவும் ஓடாத நேரத்தில் அளந்தால் இந்த இழப்பு மீட்டரில் தெரியாது. மின்சாரம் ஓடினால்தான் தடை வெளிப்படும். ஆகவே விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலில், சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால், வேறு எதையும் தேடுவதற்கு முன் சார்ஜ் செய்ய வேண்டும். எஞ்சினைத் திருகும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், பேட்டரியே பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்த சோதனை. விளக்குகளைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும் மற்றொன்றை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள பாசிட்டிவ் முனையிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண்தான் அந்த வழியில் தொலையும் வோல்ட். பிறகு நெகட்டிவ் பக்கத்திலும் இதேபோல் அளக்க வேண்டும். படகு விளக்கு போன்ற முக்கிய இணைப்புகளில் மொத்த இழப்பு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் படகுத் தரநிலை அமைப்பான ஏபிஒய்சியின் வரையறை. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்.

பலர் பாசிட்டிவ் வயரை மட்டும் பார்த்துவிட்டு நெகட்டிவை மறந்துவிடுவார்கள். எல்லா மீட்டர்களும் ஒன்றாகத் தடுமாறினால், அல்லது ஒரு விளக்கைப் போட்டதும் வேறொரு மீட்டரின் முள் நகர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றுக்குப் பொதுவான நெகட்டிவ் இணைப்பைத்தான். ஒரே ஒரு மீட்டர் மட்டும் தவறாகக் காட்டினால், அதன் சென்சாரையும் வயரையும் பார்க்கலாம்.

இழப்பு இருப்பது தெரிந்தபின், மீட்டர் முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தி வர வேண்டும்: பேட்டரி கிளாம்ப், மெயின் சுவிட்ச், பியூஸ் ஹோல்டர், எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் பல முனை பிளக், நெகட்டிவ் வயர்கள் கூடும் பட்டை. எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று ஏறுகிறதோ, கோளாறு அங்கேதான்.

மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். கம்பி கறுத்திருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். முழுதும் கறுத்திருந்தால் வயரையே மாற்ற வேண்டும். கார் வயரைவிட ஈயம் பூசிய கடல் வயர் உப்பை நன்றாகத் தாங்கும். முறுக்கி டேப் சுற்றுவது கடலில் நிலைக்காது. கிரிம்ப் முனை போட்டு, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுவதே சரி.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். எஞ்சின் வேகம் கூடியும் 12.6-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. ரெக்டிபயர் அல்லது ஆல்டர்னேட்டரைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். சோதனைக்காக ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. அப்படிச் செய்தால் ரெக்டிபயர் எரிந்துபோகலாம்.

வேலை தொடங்கும் முன் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். பெட்ரோல் ஆவியும் பேட்டரி வாயுவும் ஒரு பொறியில் தீப்பிடிக்கும். வயரை மாற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் ஆபத்து. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

இருட்டும் முன் துறையிலேயே விளக்கு, ஹாரன், பம்ப் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டு, டேஷ்போர்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று குறித்து வைப்பது நல்லது. அந்த எண் பயணத்திற்குப் பயணம் குறைந்துகொண்டே வந்தால், ஏதோ ஒரு மூட்டு கெட்டு வருகிறது என்று பொருள். படகின் மின்சாரத்தை நம்பாத கைவிளக்கும் கைபேசியும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் அழைக்க வேண்டிய அவசர எண் 999.