மரச்சாராயமும் வேதியியல் பேராசிரியரும்

2023 மே மாதத்து நடுவிலே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 14 பேர் மாண்டனர். கடலையும் கூலியையும் நம்பி வாழ்ந்த குப்பத்து மக்கள். உழைத்த அலுப்புத் தீரச் சாராயம் குடிக்கிறோம் என்று நினைத்துக் குடித்தார்கள். குடித்ததோ சாராயமல்ல, மெத்தனால்! தொழிற்சாலைக்கென்று உற்பத்தியான நஞ்சு அது என்று காவல்துறைத் தலைமையே அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சியில் அதே நஞ்சு 60 பேருக்கு மேல் விழுங்கியது.

"ஏன் குடித்தான்?" என்று கேட்பது எளிது. மாடியிலே நிற்பவனுக்கு மண்ணிலே கிடப்பவனைத் திட்டுவதில் என்ன சிரமம்? நஞ்சு விற்றவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, தண்டிக்கட்டும். நான் கேட்பது வேறு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அந்தக் குப்பத்துக்கு எவர் சொன்னார்?

சொல்லத் தெரிந்தவர் தொலைவிலே இல்லை. மரக்காணத்திலிருந்து பேருந்து ஏறினால் திண்டிவனம். அங்கே அ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம். அங்கே வெள்ளை அங்கி அணிந்து, கரும்பலகையிலே மெத்தனாலின் வாய்பாட்டை எழுதுகிற பேராசிரியர்!

அவர் வகுப்பிலே சொல்லும் பாடம் இதுதான். நாம் சாராயம் என்பது எத்தனால். மெத்தனாலுக்குப் பழைய பெயர் மரச்சாராயம். நிறத்தால் பிரிக்க முடியாது, மணத்தால் பிரிக்க முடியாது. வயிற்றுக்குள் போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிகைடு ஆக்குகிறது. பிறகு ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. எறும்புக்கடியிலே சுரீரென்று எரிகிறதே, அந்த அமிலம்! அது இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. கண் நரம்பைக் கருக்குகிறது. பத்து மில்லி பார்வையைப் பறிக்கலாம். முப்பது மில்லி உயிரையே பறிக்கலாம்.

தோழனே, இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நஞ்சு உடனே காட்டிக்கொள்ளாது. முதலில் வெறும் போதைதான். அரைநாளோ ஒருநாளோ கழிந்த பிறகே வயிற்றுவலி, வாந்தி, கண்ணிலே பனிமூட்டம். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று படுக்க வைத்தால் அதுவே கடைசித் தூக்கம். அந்த நேரத்திலே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், மாற்று மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் கருவி உண்டு. பிழைக்க வழி உண்டு. இந்த நான்கு வரி பட்டம் பெறுவோருக்கு மட்டும் உரிய பாடமா? பாட்டாளியின் உயிர்ப்பாடம் அல்லவா?

வேதியியல் என்றால் நஞ்சு மட்டுமல்ல. மரக்காணத்து உப்பளத்துக்கு வா. கடல்நீரை வெயிலிலே காய்ச்சும் தொழிலாளி, இந்தப் பாத்தியில் உப்பு விழும், இதற்கு மேல் விட்டால் கசக்கும் என்று கண்ணாலேயே அறிவான். பேராசிரியர் அதற்குக் காரணம் சொல்லுவார்: நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன, அப்புறம்தான் சோற்றுப்பு, எஞ்சுவது மெக்னீசியம் கலந்த கசப்புநீர். அதே ஜிப்சத்தைத்தான் வேளாண்துறை, நிலக்கடலைக்கு விதைத்த 45ஆம் நாளை ஒட்டி ஏக்கருக்கு 160 கிலோ இட்டு மண் அணைக்கச் சொல்கிறது. சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கிடைத்தால்தான் காய் பொக்கையாகாமல் திரளும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். உப்பளத்துக் கூலிக்காரனையும் கடலைக்கொல்லை உழவனையும் ஒரே கரும்பலகையிலே சேர்த்துவைக்கிற கலை வேதியியல்!

இந்தக் கலை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றைக்குக் கிடைத்தது? பட்டப்படிப்பு என்றால் சென்னை, இல்லையேல் கடலூர், புதுச்சேரி என்று ஓட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ஓடுவதற்குக் காசு? விழுப்புரத்திலே அறிஞர் அண்ணா பெயரில் 1968இலும், திண்டிவனத்திலே 1969இலும் அரசுக் கல்லூரிகள் எழுந்தன. திண்டிவனத்துக் கல்லூரி தாங்கும் பெயர் யாருடையது? உதயசூரியன் சின்னம் கழகத்துக்கு வந்த வரலாற்றோடு பிணைந்த ஏ.ஜி.யின் பெயர், 1967இல் அண்ணாவின் அமைச்சரவையிலே வேளாண்மைக்குப் பொறுப்பேற்றவரின் பெயர். உழவர் பெயரால் கட்சி கண்டவரின் பெயரை, உழவர் வீட்டுப் பிள்ளை படிக்கும் கல்லூரி தாங்குவது பொருத்தம்!

"தமிழிலே வேதியியல் சொல்ல முடியுமா?" என்று உதடு பிதுக்குவோர் இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்திலே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1875இலேயே வேதியியல் நூலைத் தமிழிலே அச்சேற்றினார். 1916இல் சேலத்திலே கலைச்சொல் ஆக்க ஓர் அமைப்பும் ஏடும் தோன்றின. 1938இல் சொல்லாக்கக் கழகத்தின் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டு முயற்சி இது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, 'டைட்ரேஷன்' என்று சொல்லி மிரட்டாமல், சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் காட்டித் தமிழிலே விளக்குகிற ஆசிரியர், அந்த முயற்சியின் வாரிசு.

நல்ல பேராசிரியரின் வேலை மணி அடித்ததும் முடிவதில்லை. கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் பிள்ளையைத் தேடிப் போகிறவர் அவர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலே ஊருணி தூர்வாரும் மாணவரோடு மண் சுமக்கிறவர் அவர். திண்டிவனத்துக் கல்லூரியிலே பணியாற்றிய பேராசிரியர் பிரபா கல்விமணியை நினைத்துப் பார். கல்லூரிச் சுவரோடு நின்றாரா? இருளர் குடிசைக்குப் போனார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை வளர்த்தார். பொய்வழக்குகளை எதிர்த்து நின்றார். அதே ஊரிலே தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தினார். படித்தவன் பாமரனுக்குப் பட்ட கடனை அடைக்கும் முறை அது.

ஆனால், அத்தகைய ஆசிரியர் உருவாக என்ன செய்கிறோம்? அரசுக் கல்லூரிகளிலே நிரந்தர இடங்களைக் காலியாக வைத்து, கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரிலே ஆள் பிடிக்கும் பழக்கம், பல ஆண்டுகளாக, ஆட்சி மாறினாலும் மாறாமல் நீண்டு வந்திருக்கிறது. முனைவர் பட்டம் பெற்றவர். அதே வகுப்பு, அதே பாடம். சம்பளம் மட்டும் ஒரு பங்கு! மே மாதம் வந்தால் அதுவும் கேள்விக்குறி. பெயரிலே கௌரவம், பையிலே வெறுமை. ஆலையிலே இதற்குப் பெயர் என்ன? ஒப்பந்தக் கூலி! நாளைக்கு வேலை இருக்குமோ என்று கலங்குகிறவர், நம் பிள்ளையின் நாளையை எப்படிச் செதுக்குவார்? நம் ஆட்சியாக இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லத் தயங்கினால் அண்ணா பெயரும் ஏ.ஜி. பெயரும் வாயிலிலே வெறும் எழுத்தாகிவிடும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு இரண்டு வேலை சொல்லுகிறேன். ஒன்று: பக்கத்து அரசுக் கல்லூரியிலே எத்தனை ஆசிரியர் இடம் காலி என்று கேட்டறியுங்கள், அதைத் தீர்மானமாக்கி மேலிடத்துக்கு அனுப்புங்கள். இரண்டு: அடுத்த படிப்பகக் கூட்டத்துக்கு ஒரு வேதியியல் ஆசிரியரை அழையுங்கள். மாலை வேண்டாம், மேடை வேண்டாம். ஒரு கரும்பலகை போதும். மெத்தனால் என்றால் என்ன என்று குப்பத்துக்கும் சேரிக்கும் அவர் அரைமணி நேரம் சொல்லட்டும்.

எக்கியார்குப்பத்து 14 பேருக்குக் கிடைக்காத அந்த அரைமணி, இன்னொரு குப்பத்துக்காவது கிடைக்கட்டும்.