தெருநாய்க்கு உயிர்ப்பிச்சை வாங்கித் தந்த சென்னைச் சங்கம்

விலங்கு நலச் சங்கமான இந்திய புளூ கிராஸ் 1959-இல் சென்னையில் தொடங்கியது. விமானி கேப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும், அவரைப் போலவே விமானம் ஓட்டிய மனைவி உஷாவும், பிள்ளைகளும் சேர்ந்து வீட்டிலேயே விலங்குகளைப் பராமரித்தார்கள். 1964-இல் புளூ கிராஸ் பதிவுபெற்ற சங்கமாயிற்று.

அன்று மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துவந்த கொடுமை அது. பின்னாளில் மின்சாரம் பாய்ச்சியும் கொன்றார்கள். எத்தனை கொன்றும் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து குடியேறும், குட்டி போடும். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலேயே சங்கம் சொன்னது. மாநகராட்சி இசைந்தது 1996-இல்தான். முப்பதாண்டுத் தாமதத்துக்கு எத்தனை உயிர்கள் பலி!

முறை எளியது. நாயைப் பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காயம் ஆறியபின் பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டு. 2001-இல் மத்திய அரசின் விதிகளும் இதையே நாடு முழுவதற்கும் வகுத்தன.

உங்கள் தெருவில் காது வெட்டுப்பட்ட நாய் தென்பட்டால் விரட்டாதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.