நீல டப்பாவுக்குள் ஒரு சிட்டிகை உப்பு

அனுமந்தை டோல்கேட்டைத் தாண்டி மரக்காணம் பக்கம் வண்டியை விட்டால் உப்பளம்தான். ஈரத்தை உறிஞ்சி, இறங்கி வேலை செய்பவர் குதிகாலைப் பாளம் பாளமாக வெடிக்க வைக்கிற இடம். அந்த உப்புக்கு உறவுக்காரன் ஒருவன் மாய்ஸ்சரைசருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், தெரியுமா? நிவியா நீல டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்: மெக்னீசியம் சல்ஃபேட்! உப்பு வாரிய பிறகு பாத்தியில் கசப்புத் தண்ணீர் தங்குமே, அதிலும் இது உண்டு.

இது எதற்கு க்ரீமில்? சமையல்கட்டை எட்டிப் பார்த்துவிடுவோம். இரண்டு பாத்திரம். ஒன்றில் எண்ணெய், மெழுகு, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த லானோலின் ஆல்கஹால். மற்றதில் தண்ணீர், கிளிசரின், உப்பு. இரண்டையும் 70, 75 டிகிரிக்குச் சூடேற்றி, தண்ணீரைச் சன்னமாக எண்ணெயில் விட்டுச் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினால், கலங்கி, வெளுத்து... அட, க்ரீம்! வாசனை மட்டும் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு. அவசரப்பட்டால் ஆவியாகிப் போய்விடும்.

இப்போது எண்ணெய்க்குள் கோடிக்கணக்கில் நீர்த்துளிகள். சும்மா விட்டால் சின்னத் துளியின் நீர் பெரிய துளிக்கு நழுவி, கடைசியில் க்ரீம் பிரிந்துவிடும். உப்பு இருந்தால் நடக்காது: நீர் வெளியேற வெளியேறச் சின்னத் துளிக்குள் உப்பு கரிக்கும், கரித்த உப்பு நீரைத் திரும்ப இழுக்கும். குதிகாலில் செய்த அதே சேட்டை, இங்கே காவல் வேலை! அதற்குத் தேவை நூற்றுக்கு ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான்.

 

கண்ணாடி போன்ற ஜெல் வகைக்கோ உப்பு பரம எதிரி. அதைக் கெட்டியாக்குவது கார்போமர். அதன் நீள இழைகள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி விறைத்து நிற்பதால்தான் கெட்டி; உப்பு வந்தால் அந்தத் தள்ளல் அடங்கி இழைகள் சுருண்டுவிடும். உள்ளங்கையில் கொஞ்சம் ஜெல், மேலே இரண்டு கல் உப்பு, விரலால் ஒரு தேய்ப்பு: விரலிடுக்கில் தண்ணீராக வழியும்! தோலில் பட்டதும் ஜில்லென்று உருகுவதாக விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அந்தச் சுகத்தில் ஒரு பங்கு உங்கள் வியர்வை உப்பின் கைங்கரியம். வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைக்கிறார்கள், கில்லாடிகள்.

சந்தைக்கு வருமுன் டப்பாவை 40 டிகிரியில் மூன்று மாதம் வைத்துச் சோதிப்பது வழக்கம். மே மாத அனுமந்தையில் பெட்டிக்கடை அலமாரியே போதும் என்பது என் கட்சி. உப்பளக் கைக்கு ஜெல்லை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தடவுமுன்னே ஓடிவிடும். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, ஈரம் காயுமுன் நீல டப்பா வகையறா, இல்லையா, வெறும் வாசலின்.