இணையத் தொலைபேசி: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். மேசையில் ஒரே ஒரு தொலைபேசி. கொழும்பு வியாபாரி ஒருவர் அதில் சாரத்தின் விலை கேட்டுக்கொண்டிருப்பார். அதே வேளை சம்மாந்துறையிலிருந்து அழைப்பவருக்கு இணைப்பு கிடைக்காது. முதலாளியின் கைப்பேசியில் ஒருவர், மகனின் வட்ஸ்அப்பில் இன்னொருவர். யாருக்கு என்ன விலை சொல்லப்பட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தவறிப்போகும் அழைப்பு முதலாளியின் நட்டம் மட்டுமல்ல; தறியில் இருக்கும் பெண்ணின் கூலியும் அதனோடுதான் போகிறது.

இதற்குத் தீர்வாக இன்று பேசப்படுவது இணையத் தொலைபேசி. அழைப்பு, குறுஞ்செய்தி, காணொளிக் கூட்டம், குரல் பதிவு ஆகிய எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தின் கீழ்க் கொண்டுவந்தால் அதனை ஒருங்கிணைந்த தொடர்பாடல் என்பர். பழைய கந்தோர்களில் சுவரில் தொங்கிய இன்டர்கொம் பெட்டியின் வேலையை இங்கே மென்பொருள் செய்கிறது. கல்முனையில் கடை, மருதமுனையில் தறி, கொழும்பில் கிளை என்று இருந்தாலும் 067 இல் தொடங்கும் ஒரே இலக்கத்தின் அழைப்பை மூன்று இடத்துக்கும் பகிரலாம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. நம் குரல் ஒரு விநாடிக்கு 8000 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். ஆகவே விநாடிக்கு 64 கிலோபிட். இதனை விநாடிக்கு 50 சிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி ஒட்டி அனுப்புகிறார்கள். முகவரிகளின் பாரமும் சேர்ந்தால் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 80 முதல் 90 கிலோபிட் வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது.

அப்படியானால் குரல் ஏன் வெட்டி வெட்டிக் கேட்கிறது? பொதிகள் ஒழுங்காக வந்து சேராததே காரணம். கடிதம் ஒரு நாள் பிந்தினால் வாசிக்கலாம். பிந்தி வந்த சொல்லை உரையாடலில் செருக முடியாது. ஒரு பக்கத்தால் செல்லும் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். கடையில் ஒருவர் பெரிய காணொளியை இணையத்தில் ஏற்றும்போது மற்றவரின் அழைப்பு சிதையும். குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரவுட்டரை அமைத்துக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

அடுத்த கேள்வி, எத்தனை இணைப்பு வேண்டும்? இதற்குக் கணக்குச் சொன்னவர் டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் ஏர்லாங். கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய அவர் 1909 இல் இது பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்தில் 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். ஓர் இணைப்புப் போதும் போலத் தோன்றும். ஆனால் அழைப்பவர்கள் வரிசையில் நின்று அழைப்பதில்லை. ஏர்லாங்கின் சூத்திரப்படி, ஓர் இணைப்பு இருந்தால் இரண்டில் ஓர் அழைப்புத் தவறும். இரண்டு இருந்தால் ஐந்தில் ஒன்று. மூன்று இருந்தால் பதினாறில் ஒன்று. நான்கு இருந்தால் அறுபத்தைந்தில் ஒன்று. க.பொ.த. உயர்தரத்தில் நிகழ்தகவு படிக்கும் சகோதரிகள் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றை விற்பனையாளர் பெரும்பாலும் சொல்வதில்லை: மின்சாரம் போனால் என்ன நடக்கும்? பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்தின் பற்றரியே மின்சாரம் தந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசியது. பைபர் இணைப்பும் ரவுட்டரும் அப்படியல்ல. நம் வீட்டு மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. நள்ளிரவில் மூத்தம்மாவுக்கு மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சை அழைக்கும் தொலைபேசி அணைந்து கிடக்கக்கூடாது. எனவே ரவுட்டருக்கு ஒரு யூ.பி.எஸ். வேண்டும். இணையம் அறுந்தால் அழைப்புகள் தானாகவே ஒரு கைப்பேசிக்குத் திரும்பும் ஏற்பாடும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட கரையில் வாழும் நமக்கு, ஒரே வழியை மாத்திரம் நம்பியிருக்கலாகாது என்பதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று பாதுகாப்பு. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், எங்கோ இருக்கும் மோசடிக்காரர் இரவோடிரவாக நம் இணைப்பின் வழியே வெளிநாடுகளுக்கு அழைப்பார். பில் நமக்கு வரும். கடவுச்சொல்லை மாற்றுங்கள். வெளிநாட்டு அழைப்பைத் தேவையானவருக்கு மட்டும் திறந்து வையுங்கள். வேலையை விட்டு விலகியவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

இந்த முறையில் பெண்களுக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. வீட்டிலிருந்து கணக்கு எழுதும் ராத்தா ஒருவர், தன் கைப்பேசிச் செயலியிலேயே கடையின் அழைப்பை ஏற்கலாம். வாடிக்கையாளருக்குத் தெரிவது கடை இலக்கம் மட்டுமே. முன்பின் தெரியாதவரிடம் சொந்த இலக்கம் போய்ச் சேராது. வேலை முடிந்ததும் செயலியை அணைத்துவிடலாம்.

இது ஆண்களின் தொழில் என்று எண்ண வேண்டாம். அழைப்புகள் குவியும்போது தொலைபேசி நிலையம் திணறாமல் கணினியால் காக்கும் முறைக்கு 1971 இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பெண்மணி ஏர்னா ஹூவர். மகளைப் பெற்று வைத்தியசாலையில் இருந்தபோதுதான் அதன் வரைபை வரைந்தார். இணையவழிக் குரலை வளர்த்தெடுத்த மேரியன் குரோக் 2022 இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் இடம்பெற்றார்.

சகோதரிகளே, உங்கள் வாப்பாவிடமோ காக்காவிடமோ ஒரு கடை இருந்தால், புதிய கருவி எதையும் வாங்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு கிழமைக்கு, எத்தனை மணிக்கு எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை தவறியது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதுங்கள். திட்டமிடல் அந்தக் கொப்பியிலிருந்துதான் தொடங்குகிறது.