பழைய வீட்டு ஒயரிங்கில் மின் கசிவு

கறவை மாடு சில வேளைகளில் தொட்டித் தண்ணீரில் வாய் வைக்க மறுக்கும். மூக்கை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். கொட்டகைக்குள் நுழையும்போதே மிரளும். பால் குறையும். கண்பட்டுவிட்டது என்று சுற்றிப்போடுவார்கள், தீவனத்தை மாற்றிப் பார்ப்பார்கள், கால்நடை மருத்துவரிடமும் காட்டுவார்கள். காய்ச்சல் இல்லை, வாயில் புண் இல்லை, அசைபோடுவதிலும் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அடுத்து அழைக்க வேண்டியவர் ஒயர்மேன்.

ரப்பர் செருப்பு அணிந்த மனிதர் அதே தொட்டியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. மாடோ ஈரத்தரையில் நான்கு குளம்புகளையும் ஊன்றி நின்று, ஈரமான மூக்கால் தொடுகிறது. மின்சாரத்துக்கு அதன் உடல் காட்டும் தடையும் மனித உடலின் தடையைவிடக் குறைவு. ஆகவே ஒரு சில வோல்ட் அழுத்தமே மாட்டைத் துன்புறுத்தப் போதுமானது. முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தூரம் இருப்பதால், தரையில் பரவும் மின்சாரமும் அதன் உடல் வழியாகவே பாய்கிறது. மழைக்காலத்தில் கசிவுள்ள மின்கம்பத்தின் அருகே மேயும் மாடு விழுந்துவிட, பக்கத்தில் நின்றவர் தப்பிவிடுவது இதனால்தான்.

இந்தக் கசிவை டெஸ்டர் காட்டாது. டெஸ்டரில் உள்ள சிறு விளக்கு எரிவதற்குப் பல பத்து வோல்ட் தேவை. ஒயர்மேனிடம் உள்ள மல்டிமீட்டரைக் கொண்டு, தொட்டித் தண்ணீருக்கும், மாடு நிற்கும் இடத்தில் தரையில் அறைந்த ஓர் இரும்புக் கம்பிக்கும் இடையே ஏ.சி. அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தேட வேண்டியதுதான். தண்ணீர் மோட்டார், ஹீட்டர், கொட்டகை விளக்கு என்று ஒவ்வொன்றாக இணைப்பைத் துண்டித்துப் பார்த்தால் எதிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். மெயினை நிறுத்திய பிறகும் மீட்டர் அதே அளவைக் காட்டினால் கசிவு வெளியிலிருந்து வருகிறது என்று பொருள். அதை மின்வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு வீட்டுக்குள்ளேதான் இருக்கும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் பரவலாக மின்சாரம் வந்தது 1950களிலும் 60களிலும். அன்று ஒரு வீட்டுக்கு நான்கு 40 வாட் பல்புகள், ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் ஏறக்குறைய ஓர் ஆம்பியர்தான். அதற்கு 3/22 செம்புக் கம்பி தாராளம். இன்று அதே வீட்டில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், அரை குதிரைசக்தி மோட்டார் எல்லாம் சேர்ந்துவிட்டன. கம்பி மட்டும் தாத்தா காலத்துக் கம்பி!

மர ரீப்பரின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ஒயர்களில் ரப்பர் உறையும் அதன் மேல் நூல் பின்னலும் இருக்கும். நாளாக ஆக ரப்பர் காய்ந்து, வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். நாட்டு ஓட்டு வீடுகளில் எலியும் தன் பங்குக்குக் கடித்து வைக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு அதன் மேல் ஏடாகப் படிந்து, உள்ளே என்ன நிலை என்பதே தெரியாதபடி மறைத்துவிடும். பின்னாளில் போட்ட அலுமினியக் கம்பியின் தொல்லை வேறு விதம். திருகாணியின் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளர்கிறது. தளர்ந்த இடம் சூடாகி, சுவிட்சும் பிளக்கும் கருகுகின்றன. செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கிச் சேர்த்து மேலே டேப் சுற்றிய இணைப்புகள் கூரை வீட்டில் இருப்பதைவிட, அந்த அறையில் மின்சாரமே இல்லாமல் இருப்பது மேல்.

பியூஸ் இருக்கிறதே, எம்.சி.பி. போட்டாயிற்றே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இவை இரண்டும் காப்பாற்றுவது கம்பியை, மனிதரை அல்ல. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் உடல் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும் அபாயம் உண்டு. ஒரு 15 வாட் குண்டு பல்பு எரிய 65 மில்லி ஆம்பியர் தேவை. அதாவது, அந்தச் சிறு பல்பை எரிப்பதில் பாதியளவு மின்சாரம் ஓர் உயிருக்கு ஆபத்தாகலாம். 15 ஆம்பியர் பியூஸ் இதைக் கவனிக்கவே கவனிக்காது. பீங்கான் பியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதிலாக ஒயர் இழைகளை முறுக்கிச் செருகியிருந்தால், கம்பிக்கும் பாதுகாப்பு இல்லை.

எர்த் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மோட்டாரின் உள்ளே கம்பி உடைந்து அதன் இரும்பு உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டில் பாயும் மின்சாரம் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் எரியாது. மோட்டாரும் அதனோடு சேர்ந்த இரும்புக் குழாயும் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். செம்மண் சரளைப் பூமியில் பங்குனி, சித்திரையில் மண் காயும்போது இந்தத் தடை இன்னும் ஏறும். மாடு கண்டுபிடித்துச் சொல்வது இந்தக் கசிவைத்தான்.

ஆகவே எர்த்தும் வேண்டும், அதனுடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். பேஸ் வழியே போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று இக்கருவி ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒருசேரப் பிடித்துக்கொண்டால் இதனால் உதவ முடியாது. அதிகச் சுமையையும் இது தடுக்காது. எம்.சி.பி.யையும் உடன் வைத்தே ஆக வேண்டும். இதில் ‘டி’ என்று எழுதிய ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிட வேண்டும். இந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பழைய வீட்டில் இதைப் பொருத்திய அன்றே அது விழுந்து விழுந்து தொல்லை கொடுப்பதும் உண்டு. கருவி கெட்டது என்று சொல்லி, அதைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுத்துவிடும் ஒயர்மேன்களும் இருக்கிறார்கள். இது கூடவே கூடாது. கருவி உண்மையைத்தான் சொல்கிறது. ஈரச் சுவரில் எங்கோ ஒயர் கசிகிறது, அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது, அல்லது யாரோ ஒரு காலத்தில் நியூட்ரலுக்குப் பதிலாக எர்த்திலேயே விளக்கு எரிய வைத்திருக்கிறார்கள். 500 வோல்ட் மெக்கரை வைத்து ஒவ்வொரு அறையாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஒரு மெக்ஓமுக்குக் குறைந்த ஒயரிங்கை நம்ப முடியாது.

வீடு முழுவதற்கும் ஒரேயடியாக ஒயரிங் மாற்றக் கையில் பணம் இல்லாதவர்கள், எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் முதலில் முடித்துவிடலாம். எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. குழாயை, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது பழைய முறை. உப்பு குழாயை அரிக்கும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்றுவது அவசியம். தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாய், கொட்டகையின் இரும்புத் தூண், மோட்டார் மூன்றையும் இதே எர்த்துடன் இணைத்துவிட்டால் அவற்றுக்கிடையே அழுத்த வேறுபாடு ஏற்படாது. மாட்டை மிரட்டும் கசிவு 30 மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருக்கக்கூடும். அப்போது ஆர்.சி.சி.பி. விழாது. இந்த இணைப்பும், கசியும் மோட்டாரைச் சரிசெய்வதும்தான் அதற்கு வழி.

அதன் பிறகு குளியலறை, சமையலறை, மோட்டார் ஆகியவற்றுக்குப் புதிய செம்பு ஒயர். 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், விளக்குகளுக்கு 1.5 போதும். மண் சுவரைக் கொத்திக் குழாய் புதைப்பதைவிட, சுவரின் மேல் பி.வி.சி. கேசிங் ஓட்டுவது சுவருக்கு நல்லது. இரண்டு ஓட்டைப் பிளக்குகளை எடுத்துவிட வேண்டும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை நீளமாக வைத்திருப்பது அது முதலில் சேர்ந்து கடைசியில் விலகுவதற்காகத்தான். அதை ஒடித்துவிட்டுச் செருகுபவர்கள் இருக்கிறார்கள்!

துணி காயப்போடும் கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம். நைலான் கயிறு போதும். சர்வீஸ் ஒயரைத் தாங்கும் குழாயிலோ, மின்கம்பத்தின் ஸ்டே கம்பியிலோ ஒரு முனையைக் கட்டிவிடுகிறார்கள். சர்வீஸ் ஒயர் உரசித் தேய்ந்த மழைநாளில் ஈரத்துணியோடு போகிறவருக்கு ஆபத்து. அவரைக் காப்பாற்றத் தொட்ட அடுத்தவரும் விழுவார். மெயினை நிறுத்தாமல், அல்லது உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்காமல் யாரும் தொடக்கூடாது. பிறகு 108-ஐ அழைத்து, மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை வண்டி வரும் வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை நிறுத்தினாலும் சில அறைகளின் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றுவதற்கு முன் இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும். எந்தெந்த அறைக்கு அதன் இணைப்பு போகிறது என்பதை மெயின் போர்டின் மேலேயே மையால் எழுதி ஒட்டச் சொல்லி, ஒயர்மேன் புறப்படுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.